சமையலறையைப் பார்த்தது போதும்

மன்ஹாட்டனில் முதல் வீடு வாங்கக் கிளம்பியிருக்கும் நம் பிள்ளைகள் அனைவருக்கும்,

“ஆன்டி, இந்த வீடு எப்படி?” என்று கேட்டு நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்புகிற படங்களைப் பார்த்தால், எல்லோரும் ஒரே வீட்டைத்தான் சுற்றிச் சுற்றி வருகிறீர்களோ என்று தோன்றுகிறது. வெள்ளை குவார்ட்ஸ் மேடை, கைப்பிடி இல்லாத அலமாரிகள், புதிதாக மெருகேற்றிய ஓக் தரை, குளியலறையில் கண்ணாடித் தடுப்பு, ஜன்னலோரம் யாரும் உட்கார்ந்திராத ஒரு நாற்காலி. 72ஆம் தெருவுக்கும் 96ஆம் தெருவுக்கும் நடுவே எங்கோ, விலை ஒன்பது லட்சம் டாலருக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. ‘முழுவதும் புதுப்பிக்கப்பட்ட ஒரு படுக்கையறை கோ-ஆப்.’ தரை நிஜ மரமா, மேடையில் கறை பிடிக்குமா, ஷவர் சின்னதோ என்றெல்லாம் கேட்கிறீர்கள். மேடை நன்றாகத்தான் இருக்கிறது. நீங்கள் கேட்காமல் விடுகிற கேள்விகளுக்காகத்தான் இந்தக் கடிதம்.

நானும் அப்பர் ஈஸ்ட் சைடில், இரண்டாம் உலகப் போருக்கு முந்திய கட்டடம் ஒன்றில்தான் குடியிருக்கிறேன். அதன் நிர்வாகக் குழுவான போர்டில் பல வருஷம் பொருளாளராக இருந்தவள். மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்து உங்களைப் போன்றவர்களின் விண்ணப்பங்களைப் படித்திருக்கிறேன். அந்த உரிமையில் சொல்கிறேன்: படத்தில் தெரிகிற அத்தனையையும் பணம் கொடுத்தால் மாற்றிக்கொள்ளலாம். தெரியாதவற்றைத்தான் நீங்கள் உண்மையில் வாங்கப்போகிறீர்கள்.

சென்னையில் அப்பா ஃபிளாட் வாங்கும்போது யு.டி.எஸ். எவ்வளவு, பட்டா யார் பேரில், வில்லங்கச் சான்று எத்தனை வருஷத்துக்கு என்று துருவித் துருவிக் கேட்டிருப்பார். இங்கே அதில் எதுவும் உங்கள் கைக்கு வராது. கோ-ஆப் என்றால், கட்டடம் முழுவதும் ஒரு கம்பெனிக்குச் சொந்தம். நீங்கள் வாங்குவது அந்தக் கம்பெனியின் சில நூறு ஷேர்கள். அந்த ஷேர்களோடு ஒட்டிக்கொண்டு வருகிறது, இன்ன வீட்டில் குடியிருக்கலாம் என்கிற நீண்ட காலக் குத்தகை. மும்பை ஹவுசிங் சொசைட்டியில் வளர்ந்தவர்களுக்குப் பங்குச் சான்றிதழ் புதிதாக இராது. மற்றவர்களுக்குக் கொஞ்சம் தலை சுற்றும். பல கோ-ஆப் விளம்பரங்களில் சதுர அடிக் கணக்கே இல்லாததற்கும் இதுதான் காரணம். இங்கே அளவுகோல் ஷேர். மாத மெயின்டனன்ஸும் ஷேர் எண்ணிக்கைப்படிதான்.

இதில் லாபமும் உண்டு, மறைக்க மாட்டேன். உங்கள் கடனுக்கு நிலத்தின் மீது அடமானம் இல்லாததால், நியூயார்க்கின் அடமானப் பதிவு வரி உங்களுக்குக் கிடையாது. காண்டோ, அதாவது வீடே தன் பேரில் பதிவாகிற ஃபிளாட், வாங்குகிறவர் ஏழு லட்சம் டாலர் கடன் எடுத்தால் அந்த வரிக்கே பதின்மூவாயிரம் டாலருக்கு மேல் எடுத்து வைக்க வேண்டும். விலையும் காண்டோவைவிடப் பெரும்பாலும் குறைவு. விலை பத்து லட்சத்தைத் தொட்டால் மட்டும் ‘மேன்ஷன் டாக்ஸ்’ என்று ஒரு சதவீதம் வாங்குகிறவர் தலையில் விழும். கோ-ஆப்புக்கும் அதில் விலக்கு இல்லை. 1989இல் மாளிகைக்காரர்களை நினைத்துப் போட்ட வரி. இன்று ஒரு படுக்கையறை வாங்குகிறவரும் மாளிகைக்காரர்! ஆகவேதான் 9,95,000 என்று அத்தனை விலைப்பட்டியல்கள்.

லாபம் அவ்வளவுதான். இனி, கம்பெனி என்றால் என்ன என்று பாருங்கள். அந்தக் கம்பெனிக்கென்று தனியாக ஒரு கடன் இருக்கும், கட்டடத்தின் மீது. அதன் வட்டி, சொத்துவரி, வாயிற்காவலர் சம்பளம், பாய்லர் எரிபொருள் எல்லாம் உங்கள் மெயின்டனன்ஸிலிருந்து போகிறது. கூட்டுக் குடும்பத்தில் பெரியப்பா வாங்கிய கடனுக்கு எல்லோரும் பொறுப்பேற்பதைப் போலத்தான்: ஐந்தாம் மாடிக்காரர் கட்டாவிட்டால் மீதிப் பேர் கட்ட வேண்டும். 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் இந்த நகரத்தின் பல கோ-ஆப்கள் இப்படித்தான் விழுந்தன. முறை அதற்கும் பழையது. 1880களிலேயே பிலிப் ஹியூபர்ட் என்கிற கட்டடக் கலைஞர் மன்ஹாட்டனில் இதைத் தொடங்கிவைத்தார். கிராமர்சி பூங்காவை ஒட்டி 1883இல் எழுந்த கட்டடம் இன்றும் கோ-ஆப்பாகவே நிற்கிறது. ஆனால் நீங்கள் பார்க்கிற வீடுகளில் பெரும்பாலானவற்றின் கதை 1980களில் தொடங்குகிறது.

அந்தக் கதை உங்களுக்குத் தெரிய வேண்டும், ஏனென்றால் ‘புதுப்பிக்கப்பட்ட’ வீடு பல சமயம் அங்கிருந்துதான் வருகிறது. வாடகைக் கட்டடங்களை அவற்றின் முதலாளிகள் அப்போது வரிசையாகக் கோ-ஆப் ஆக்கினார்கள். குடியிருந்தவர்களில் சிலர் தங்கள் வீட்டின் ஷேர்களை வாங்கினார்கள். வாங்காதவர்கள் பழைய வாடகையிலேயே தொடர்ந்தார்கள். விற்காத ஷேர்கள் மாற்றிய முதலாளியிடமே நின்றன. அவருக்கு ஸ்பான்சர் என்று பேர். நாற்பது வருஷம் குடியிருந்த பாட்டி காலமானதும் ஸ்பான்சர் அந்த வீட்டைப் பிரித்துப் போட்டு, வெள்ளை மேடை வைத்து, சந்தைக்குக் கொண்டுவருகிறார். இப்படி வருகிற வீட்டுக்குப் பொதுவாகப் போர்டின் சம்மதம் தேவையில்லை; நேர்காணலும் இல்லை. புரோக்கர் இதைப் பெரிய வரமாகச் சொல்வார். விசா, வேலை விஷயத்தில் நிச்சயமில்லாதவர்களுக்கு அது வரம்தான். ஆனால் விற்பவர் கட்ட வேண்டிய நகர, மாநிலக் கைமாற்று வரிகளை வாங்குபவரே கட்டும்படி ஒப்பந்தம் எழுதுவது ஸ்பான்சர் வழக்கம். நகர வரி மட்டும் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட விலைக்கு 1.425 சதவீதம். விலையைப் பேரம் பேசுவதற்கு முன் இதைப் பேசுங்கள். விற்பதற்காகவே புதுப்பித்தவர் எங்கே செலவு செய்திருப்பார், எங்கே மிச்சம் பிடித்திருப்பார் என்பதையும் யோசியுங்கள். கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் செலவு, சுவருக்குள்ளே மிச்சம்.

இப்போது அந்தச் சுவருக்குள்ளே போகலாம். எனக்குத் தெரிந்த ஓர் இளம் ஜோடி இரண்டு தெரு தள்ளி ஒரு வீடு வாங்கினார்கள். நடைவழி அலமாரிக்குள் வாஷரும் டிரையரும் ஒன்றன்மேல் ஒன்றாக. விளம்பரத்தில் அதற்குத் தனிப் படமே இருந்தது. அடித்தளத்து லாண்டரி அறைக்குக் கூடையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாமே என்று அவளுக்கு அப்படிச் சந்தோஷம். குடிபோய்ச் சில மாதங்களில், ஒரு சனிக்கிழமை காலை, கீழ்வீட்டுக்காரர் சமையலறைத் தொட்டியிலிருந்து சோப்பு நுரை பொங்கி வழிந்தது. பாத்திரம் கழுவும் தொட்டியில், அடுத்தவர் துணியின் நுரை! தொண்ணூறு வருஷத்துப் பழைய வடிகுழாய், இன்றைய இயந்திரம் தள்ளுகிற தண்ணீரைத் தாங்கவில்லை. கட்டடப் பராமரிப்பைக் கவனிக்கும் சூப்பர் வந்து பார்த்தார், மேனேஜிங் கம்பெனி கோப்பைத் திறந்தது. அந்தக் கட்டடத்தில் வீட்டுக்குள் வாஷர் வைக்கவே அனுமதி இல்லை. பழைய உரிமையாளர் எவரிடமும் கேட்கவும் இல்லை. இயந்திரத்தை எடுக்கவும், குழாயைப் பழையபடி மாற்றவும், கீழ்வீட்டுச் சமையலறையைச் சரிசெய்யவும் ஆன செலவு முழுவதும் இந்தப் பிள்ளைகள் மீது வந்தது. ஷேர் யாரிடமோ, பொறுப்பும் அவரிடம்.

ஆகவே புதுப்பித்த வீடு என்றால் வக்கீலிடம் முதலில் கேட்க வேண்டியது, போர்டோடு போட்ட மராமத்து ஒப்பந்தத்தின் நகல். அதில் என்ன வேலைக்கு அனுமதி வாங்கினார்கள் என்று இருக்கும். நகரக் கட்டடத் துறையின் இணையப் பதிவில் அந்த முகவரியைப் போட்டு, பெர்மிட் எடுத்தார்களா, எடுத்ததை முடித்துக் கையெழுத்து வாங்கினார்களா என்று பார்க்கச் சொல்லுங்கள். முடிக்காத பெர்மிட் நீங்கள் விற்கும் நாளில் வந்து நிற்கும். இன்னொன்று: கீழ்வீட்டுப் படுக்கையறைக்கு மேலே உங்கள் குளியலறையோ சமையலறையோ வரக்கூடாது என்று பெரும்பாலான கட்டடங்களில் விதி. திறந்த சமையலறைக்காகத் தொட்டியை வரவேற்பறைப் பக்கம் தள்ளியிருந்தால், யாரைக் கேட்டுத் தள்ளினார்கள் என்று கேளுங்கள்.

போர்டு இதில் எவ்வளவு கறாராக இருக்கலாம் என்பதற்கு வழக்கே இருக்கிறது. வாஷிங்டன் சதுக்கத்துக்கு அருகே ஒன் ஃபிஃப்த் அவென்யூ என்கிற பெயர்பெற்ற கட்டடம். 1980களின் பிற்பகுதியில் அங்கே குடியிருந்த லெவண்டஸ்கி தன் சமையலறையைப் பெரிதாக்க நினைத்து, இடையில் வந்த கட்டடத்தின் நீராவிக் குழாயை நகர்த்தினார். குழாயைத் தொடக்கூடாது என்று போர்டு வேலையை நிறுத்தியது. இத்தனைக்கும் அவர் அந்தப் போர்டின் தலைவராகவே இருந்தவர். 1990இல் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் போர்டின் பக்கம் தீர்ப்புச் சொன்னது: கட்டடத்தின் நன்மைக்காக, நல்லெண்ணத்தோடு, அதிகாரத்துக்குள் நின்று போர்டு எடுக்கும் முடிவில் நீதிமன்றம் தன் கருத்தைத் திணிக்காது என்று. நியூயார்க் கோ-ஆப் வழக்குகளில் இன்றுவரை அந்தத் தீர்ப்புதான் பேசுகிறது. ஒரு சமையலறைக்காக வந்த சண்டை என்பதை நினைத்து அவ்வப்போது சிரித்துக்கொள்வேன்.

சமையலறை என்றதும் நம் விஷயத்துக்கு வருகிறேன். இதை எந்தப் புரோக்கரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார். அடுப்புக்கு மேலே எஃகுப் புகைபோக்கி பளபளக்கிறதே, அதன் மேல் அலமாரியைத் திறந்து பாருங்கள். குழாய் ஏதாவது வெளியே போகிறதா? பழைய கட்டடங்களில் பெரும்பாலும் போகாது. வெளிச்சுவரில் துளை போட போர்டு விடாது. அந்த எந்திரம் கரி ஃபில்டர் வழியாக அதே காற்றை நம் முகத்துக்கே திருப்பி ஊதும். பாஸ்தாவுக்கு அது போதும். கடுகு வெடித்து, மிளகாய் கிள்ளிப்போட்டு, பெருங்காயம் தட்டினால் போதாது. சுவரை இடித்துத் திறந்த சமையலறை ஆக்கிய ஒரு படுக்கையறை வீட்டில், தாளிப்பு நேராகப் படுக்கையறை அலமாரித் துணிக்குப் போகும். கதவிடுக்கு வழியே நடைவழிக்கும் போகும். நடைவழி வாசனை பற்றிய புகார்க் கடிதங்களை நான் போர்டில் நிறையப் படித்திருக்கிறேன். பழைய கால வீட்டில், புதுப்பிக்காத, கதவு போட்ட, முற்றத்தைப் பார்த்து ஒரு ஜன்னல் உள்ள குறுகலான சமையலறை கிடைத்தால் அதை அசிங்கம் என்று ஒதுக்காதீர்கள். நம் சமையலுக்கு வெள்ளை மேடையைவிட அந்த ஜன்னல் பெரிது.

கேஸ் இணைப்பையும் கேளுங்கள். எங்கோ ஒரு கசிவு என்றால் முழுக் கட்டடத்துக்கும் கேஸை நிறுத்திவிடுவார்கள். குழாய் மாற்றிச் சோதனை முடிய மாதக்கணக்கில் ஆவதுண்டு. அப்போது இண்டக்ஷன் அடுப்பு வைக்கலாமே என்றால், அதற்கு வேண்டிய மின்சாரத்தைப் பழைய வயரிங் தருமா என்று பார்க்க வேண்டும். புதுப்பித்தவர் மின்பெட்டியை மாற்றினாரா என்பது நிஜமான கேள்வி. விளக்கு எத்தனை என்பதல்ல.

கட்டடத்தின் வெளிப்புறமும் உங்கள் செலவுதான். 1979இல் பிராட்வேயும் 115ஆம் தெருவும் சந்திக்கும் இடத்தில், கட்டடத்திலிருந்து பெயர்ந்து விழுந்த துண்டு தாக்கி பார்னார்டு கல்லூரி மாணவி கிரேஸ் கோல்டு இறந்தார். அடுத்த வருஷமே முகப்புச் சோதனைச் சட்டம் வந்தது. 1998இல் அதை ‘லோக்கல் லா 11’ என்று இறுக்கினார்கள். ஆறு மாடிக்கு மேற்பட்ட ஒவ்வொரு கட்டடமும் சில வருஷத்துக்கு ஒருமுறை முகப்பைச் சோதித்துப் பழுதுபார்க்க வேண்டும். நடைபாதையை மூடி நிற்கும் பச்சைப் பலகைக் கொட்டகைகள் அதற்காகத்தான். இதோடு 2019இன் ‘லோக்கல் லா 97’ சேர்ந்துகொண்டது. இருபத்தையாயிரம் சதுர அடிக்கு மேற்பட்ட கட்டடங்கள் வெளிவிடும் கரியமில வாயுவுக்கு 2024 முதல் உச்சவரம்பு. 2030இல் அது இன்னும் இறுகும். மீறினால் டன்னுக்கு 268 டாலர் அபராதம். எண்ணெய் எரிக்கும் பழைய பாய்லர் வைத்திருக்கிற கட்டடத்தில் இந்தச் செலவு எங்கிருந்து வரும்? ‘அசெஸ்மென்ட்’ என்று உங்கள் மாத பில்லில் ஒரு வரியாக வரும்.

இவையெல்லாம் இரண்டு காகிதங்களில் இருக்கின்றன. ஒன்று, தணிக்கை செய்த வருடாந்தக் கணக்கு. முதல் பக்கத்து எண்களைவிடக் கடைசியில் பொடி எழுத்தில் வரும் குறிப்புகளைப் படியுங்கள்: கட்டடக் கடன் எந்த வருஷம் முடிகிறது, எந்த வட்டியில் புதுப்பிக்க வேண்டிவரும், சேமிப்பு நிதி எவ்வளவு, ஸ்பான்சரிடம் இன்னும் எத்தனை ஷேர், நடக்கிற வழக்குகள் என்ன. நிலம் யாருடையது என்பதும் அங்கேதான். விலை மலிவு, மெயின்டனன்ஸ் மட்டும் எக்கச்சக்கம் என்றால் கட்டடம் குத்தகை நிலத்தில் நிற்கலாம். 57ஆம் தெருவில் கார்னகி ஹவுஸ்காரர்கள் நில வாடகை உயர்வோடு பட்ட பாட்டைப் பத்திரிகைகளில் தேடிப் படியுங்கள்; பிறகு மலிவு பற்றிப் பேசலாம். இரண்டாவது, போர்டு கூட்டக் குறிப்புகள். அவற்றை உங்கள் வக்கீல் உட்கார்ந்து படிப்பார். படித்தேன், ஒன்றும் இல்லை என்று ஒரே வரியில் அவர் சொன்னால் விடாதீர்கள். எந்த வீட்டில் ஒழுகல், லிஃப்ட் பற்றி எத்தனை முறை பேசினார்கள் என்று கேளுங்கள்.

சரி, போர்டு உங்களை எப்படிப் பார்க்கும்? வருமான வரிக் கணக்கு, வங்கிக் கணக்கு, மேலதிகாரி கடிதம், நண்பர் கடிதம் எல்லாம் சேர்த்துக் கல்யாண ஆல்பம் கனத்தில் ஒரு கட்டு கேட்போம். அதில் முதலில் தேடுவது இரண்டு எண்கள். லோனும் மெயின்டனன்ஸும் சேர்ந்து மாதம் 6,200 டாலர் என்று வைத்துக்கொள்வோம். வருமானத்தில் 28 சதவீதத்துக்குள் அது அடங்க வேண்டும் என்கிற கட்டடத்தில், ஆண்டுக்கு 2,65,000 டாலருக்கு மேல் சம்பாதிக்க வேண்டும். முன்பணம் கட்டி முடித்த பிறகும் ஒன்றிரண்டு வருஷத்துச் செலவுக்கான ரொக்கம் கையில் இருக்க வேண்டும். இரண்டு வருஷம் என்றால் கிட்டத்தட்ட ஒன்றரை லட்சம் டாலர். 401கே ஓய்வுக்காலச் சேமிப்பைப் பல போர்டுகள் இதில் சேர்க்காது. இன்னும் கைக்கு வராத கம்பெனிப் பங்குகளையும் சேர்க்காது. சோழிங்கநல்லூர் மனையை நிச்சயமாகச் சேர்க்காது.

ஊரிலிருந்து அப்பா அம்மா பணம் அனுப்புவதானால் முன்னாலேயே திட்டமிடுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி ஒருவர் ஒரு நிதியாண்டில் இரண்டரை லட்சம் டாலர்வரைதான் அனுப்பலாம். பணம் உங்கள் கணக்கில் வந்து சில மாதம் உட்கார்ந்திருக்கட்டும். திருப்பித் தர வேண்டாத அன்பளிப்பு என்று கடிதமும் இருக்கட்டும். அன்பளிப்பையே விரும்பாத கட்டடங்களும் உண்டு, புரோக்கரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பெற்றோர் ஆறு மாதம் வந்து உங்களோடு தங்குவதைப் பற்றிப் பயப்பட வேண்டாம். நெருங்கிய குடும்பத்தார் உடன் குடியிருப்பதை நியூயார்க் சட்டமே காக்கிறது. நீங்கள் ஊரில் இல்லாதபோது அவர்கள் மட்டும் தங்குவதுதான் வேறு விஷயம். குத்தகையில் விருந்தினர் பிரிவைப் படியுங்கள். வேலை மாறி வேறு ஊருக்குப் போனால் வீட்டை வாடகைக்கு விடலாமா என்பதையும் அங்கேயே பாருங்கள். பல கட்டடங்களில் முதல் ஒன்றிரண்டு வருஷம் முடியாது, பிறகும் சில வருஷம்தான். எச்-1பி விசாவில் இருப்பவர்கள் வெள்ளை மேடைக்கு முன்னால் படிக்க வேண்டிய பக்கம் அது.

போர்டு காரணம் சொல்லாமலே மறுக்கலாம். முன்னாள் அதிபர் நிக்சனுக்கே 1979இல் அப்பர் ஈஸ்ட் சைடு கோ-ஆப்பில் இடம் கிடைக்கவில்லை. கடைசியில் 65ஆம் தெருவில் தனி வீடு வாங்கிக்கொண்டார். மடோனாவை 1985இல் சான் ரெமோ மறுத்தது. ஆனால் இனம், மதம், பிறந்த நாடு, குடியுரிமை நிலை இவற்றுக்காக மறுக்க இந்த நகரத்தில் சட்டம் விடாது. நேர்காணலில் யாராவது “வீட்டில் என்ன சமைப்பீர்கள்?” என்று ஆரம்பித்தால், சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் தேதியோடு எழுதி வையுங்கள். மற்றபடி நேர்காணலில் கேட்டதற்கு மட்டும் பதில். இதை இடிப்போம், அதை மாற்றுவோம் என்று அங்கே ஒரு வார்த்தை வேண்டாம்.

குடிபோகிற நாளில் பால் காய்ச்சுங்கள், தடையில்லை. ஹோமம் வேண்டாம், புகை அலாரம் அலறி, தீயணைப்பு வண்டியோடுதான் அண்டைவீட்டார் அறிமுகம் ஆவார்கள். அய்யரை ஃபிளஷிங் பிள்ளையார் கோயிலில் பார்த்துக்கொள்ளலாம். செருப்பை வாசலுக்கு வெளியே விடாதீர்கள், அது முதல் வாரத்துப் புகார்.

கடைசியாக ஒன்று. விலை சொல்வதற்கு முன் ஒரு வார நாளில் போய் அந்தக் கட்டடத்து சூப்பரைப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே குடியிருப்பவர். போர்டு மாறிக்கொண்டே இருக்கும், அவர் இருப்பார். இந்த வரிசையில் குழாய் மாற்றியது எது, மாற்றாதது எது? குளிர்காலத்தில் இந்த வீட்டு ரேடியேட்டர் கொதிக்குமா, உறையுமா? இந்த வேலையைச் செய்த கான்ட்ராக்டர் எத்தனை நாள் வந்தார், சுவரைத் திறந்தபோது சூப்பர் உள்ளே பார்த்தாரா? புரோக்கரை லாபியிலேயே விட்டுவிட்டுப் போய்க் கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆன்டி